‘தானாகவே’ என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்ப் பிரதேசங்களில் விறகு பாய்லர் வைத்து வீட்டைச் சூடாக்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை மகிழ்ச்சியோடு. இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு. விறகைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஈர விறகு புகைபோக்கியில் தார் பிடிக்க வைக்கும், வெட்டிப் பிளந்து ஒரு வருடமாவது காயப்போட வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு வாக்கியம் வருகிறது: ‘விறகு தீர்ந்தால் எரிவாயு பாய்லர் தானாகவே பற்றிக்கொள்ளும்.’ பென்சில் அங்கே நின்றுவிட்டது.

41 ஆண்டுகள் மின்கம்பி இழுத்துச் சோறு உண்டவன் நான். தானாக நடக்கிறது என்று ஒருவர் சொன்னால், எவனோ ஒருவன் சுவரில் துளை போட்டு முழங்கையைச் சிராய்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குக் கேட்கும். இந்த விஷயத்தில் அந்த ஒருவனாக இருந்திருக்கிறேன். அதில் ஒரு தடவை பெரிய தவறும் செய்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில். ஆப்பிரிக்காவில் வீட்டைச் சூடாக்குவதா என்று சென்னை வாசகர்கள் சிரிக்கக்கூடும். டர்பன் கடற்கரையில் குடியிருக்கும் எங்கள் உறவினர்களே சிரிப்பவர்கள்தான். நான் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் மேலே ஏறி, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி நாட்டிங்ஹாம் ரோடு என்ற சிற்றூர் இருக்கிறது. எங்களுக்குக் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் விடியற்காலையில் அங்கே புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்கும். மாடுகள் குடிக்கும் தொட்டியில் மேல்தண்ணீர் கண்ணாடித் தகடாகக் கட்டியிருக்கும். விறகுக்கு அங்கே பஞ்சம் கிடையாது. நீலகிரிக்காரர்கள் சீகை என்பார்களே, அதே வாட்டில் மரம். பதனிடும் பட்டைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். இப்போது ஓடைக்கரைகளையெல்லாம் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் குடிக்கிறது. அதை வெட்டி எரிப்பதில் யாருக்கும் மன வருத்தம் இல்லை.

என் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பலோடு தொடங்கி நேட்டாலில் வந்து இறங்கிய கரும்புத்தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். என் தமிழ் ஆயாவிடமும் மாலைப் பள்ளிக்கூடத்திலும் கற்றது. மின்பணிச் சொற்களை எனக்குத் தமிழில் சொல்லித்தர ஆள் இருந்ததில்லை. ஆகவே ரிலேயை ரிலே என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிற்றூருக்குப் பக்கத்தில் என் பெரியப்பா மகன் பண்ணை வைத்திருக்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர்; அண்ணா என்றுதான் அழைப்பேன். 2022-இல் பழைய பண்ணைவீட்டைப் புதுப்பித்தபோது, பின்பக்கக் கொட்டகையில் ஒரு விறகு பாய்லரையும், சமையலறைக்குப் பின்னால் ஓர் எரிவாயு பாய்லரையும் வைத்தார். இரண்டும் ஒரே குழாய்களின் வழியாக, அறைகளைச் சூடாக்கும் ஒன்பது ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்ப வேண்டும். “பகலில் விறகு, விடியற்காலையில் தணல் ஆறினால் எரிவாயு. நான் எழுந்திருக்கக் கூடாது. செய்துகொடு தம்பி” என்றார். ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். கூடத்துச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். அறை குளிர்ந்தால் அது விறகு பாய்லரின் பம்பை ஓட்டும். அதே கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து எரிவாயு பாய்லருக்கும் ‘எரி’ என்று சொல்லும். பார்வைக்கு அழகான இணைப்பு. ஒன்பதே நாளில் 48 கிலோ சிலிண்டர் காலி. அண்ணா என்னைத் திட்டவில்லை. காலி சிலிண்டரைப் படமெடுத்து அனுப்பினார், அவ்வளவுதான்.

நடந்தது என்னவென்றால், தெர்மோஸ்டாட் அறையைத்தான் பார்க்கிறது. விறகு எரிகிறதா, தணல் இருக்கிறதா, பாய்லரில் தண்ணீர் கொதிக்கிற நிலையில் இருக்கிறதா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. அறை ஒரு டிகிரி குறைந்தால் போதும், இரண்டு பாய்லரையும் கூப்பிடும். கூடுதலாக இன்னொரு கூத்து: இரவில் விறகு அணைந்த பிறகு, எரிவாயு பாய்லரின் பம்பு தள்ளிய சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போனதோடு, ஆறிக்கிடந்த விறகு பாய்லருக்குள்ளும் புகுந்து சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு புகைபோக்கி வழியாக வெளியே போனது. காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவில் கூரைமேல் உட்கார்ந்த குருவிகள் குளிர்காய்ந்தன. குழாய்க்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பாய்லர்களின் வழியிலும் ஒருவழி வால்வு போடச் சொன்னேன். குழாய் வேலையைச் சரிசெய்யாமல் கம்பி வேலையை மட்டும் சரிசெய்ய முடியாது என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

கம்பி வேலை இப்படி மாறியது. விறகு பாய்லரிலிருந்து வெளியேறும் குழாயின் மேல் ஒரு குழாய்த் தெர்மோஸ்டாட்டைப் பட்டையால் இறுக்கிக் கட்டினேன். அதற்குள் மூன்று முனைகள் உண்டு. நடுவில் இருப்பது பொதுமுனை. குழாய் குளிர்ந்திருந்தால் பொதுமுனை ஒரு பக்கத்தோடு சேர்ந்திருக்கும். சூடேறினால் மறுபக்கத்துக்குத் தாவும். கூடத்துத் தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும் கம்பியை இந்தப் பொதுமுனையில் கட்டினேன். சூட்டுப்பக்க முனை விறகு பாய்லரின் பம்புக்கு. குளிர்ப்பக்க முனை எரிவாயு பாய்லருக்கு. அதாவது, வெப்பம் வேண்டும் என்று கேட்பது அறை. யார் கொடுப்பது என்று தீர்மானிப்பது விறகு பாய்லரின் தண்ணீர். 60 டிகிரிக்கு மேல் இருந்தால் விறகு. 50-க்குக் கீழே இறங்கினால்தான் எரிவாயு. இந்தப் பத்து டிகிரி இடைவெளியை யாரும் குறைக்கக் கூடாது. நான் முதலில் மூன்று டிகிரி வைத்தேன். புது விறகு போட்டதும் தண்ணீர் சற்றுத் தணிந்து மீண்டும் ஏறும் அல்லவா? அந்த நேரத்துக்குள் எரிவாயு பாய்லர் நான்கு தடவை பற்றி நான்கு தடவை அணைந்தது.

குளிர்ப்பக்க முனையிலிருந்து எரிவாயு பாய்லருக்குக் கம்பியை நேராகக் கொண்டுபோகவும் கூடாது. இதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டால் நன்றி. எங்கள் ஊரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கூடத்திலிருந்து வரும் கம்பியில் ஓடுவது அதுதான். ஆனால் பல எரிவாயு பாய்லர்களில் வெளித் தெர்மோஸ்டாட்டுக்கென்று விட்டிருக்கும் இரண்டு முனைகள் வெளியிலிருந்து மின்சாரத்தை ஏற்பவை அல்ல. அந்த இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் போதும், பாய்லர் பற்றும். அங்கே 230 வோல்ட்டைக் கொண்டுபோய்ச் செருகினால் உள்ளிருக்கும் மின்பலகை ஒரு சின்ன ‘டப்’ சத்தத்தோடு போய்விடும். பலகையின் விலை கேட்டால் நமக்கும் அதே சத்தம் வரும். ஆகவே நடுவில் ஒரு ரிலே, அதாவது ஒரு பக்கத்துச் சுருளுக்கு மின்சாரம் வந்தால் மறுபக்கத்தில் தனியாக இருக்கும் இரண்டு முனைகளைத் தொடவைக்கும் சுவிட்சு: 230 வோல்ட் ரிலேயின் சுருளுக்கு மட்டும், ரிலேயின் வெறும் தொடுமுனைகள் பாய்லருக்கு. பாய்லரோடு வந்த கையேட்டில் அந்த முனைகளைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். அதைப் படிக்காமல் திருகாணியைத் தளர்த்தாதீர்கள்.

இத்தனையும் செய்து, ‘இப்போது தானாகவே’ என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தச் சொல்லை நானும் சொன்னவன்தான்.

2022 ஜூன் கடைசியில் இங்கே மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்குப் போனது. அப்போதெல்லாம் முறைவைத்து ஊர் ஊராக மின்சாரத்தை நிறுத்துவார்கள். கட்டம் ஏற ஏற இருட்டும் கூடும். அன்று அண்ணா ஒரு கல்யாணத்துக்காக டர்பன் போயிருந்தார். அண்ணி வீட்டில் தனியாக. மாலை ஆறு மணிக்கு விறகு பாய்லரை நிரப்பி மூடியிருக்கிறார். எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. பம்பு நின்றது.

அண்ணா ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வைத்திருந்தார். அதில் எரிவாயு பாய்லரை இணைத்தேன், விளக்குகளை இணைத்தேன். விறகு பாய்லரின் பம்பை இணைக்கவில்லை. என் மனத்தில் ஓடிய கணக்கு இது: மின்வெட்டு நேரத்தில் எரிவாயு ஓடட்டும், விறகுக்கு எதற்கு மின்சாரம்?

விறகுக்குத் தேவையில்லைதான். விறகைச் சுற்றியிருக்கும் தண்ணீருக்குத் தேவை. பத்துக் கிலோ காய்ந்த விறகில் சுமார் 40 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதில் பாதி எரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் 20 யூனிட் அடுப்பில் கிடக்கிறது. அந்த பாய்லர் பிடிக்கும் தண்ணீர் 90 லிட்டர். 75 டிகிரியில் நிற்கும் 90 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக மூன்று யூனிட் கூட வேண்டாம். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடப் பையன் போடுவான். நான் மறுநாள்தான் போட்டேன்.

கொட்டகையிலிருந்து, பானைக்குள் கூழாங்கற்களைப் போட்டு உலுக்குவது போலச் சத்தம் வந்ததாக அண்ணி சொன்னார். பிறகு கூரைக்குள் இருக்கும் திறந்த தொட்டியில் வெந்நீரும் ஆவியும் பீறிட்டு, கூடத்து மேற்கூரை அட்டை நனைந்து தொங்கிவிட்டது. தொட்டிக்குப் போகும் குழாய் அடைப்பில்லாமல் திறந்திருந்ததால் வீடு பிழைத்தது. அந்தக் குழாயில் எவராவது ஒரு வால்வைப் போட்டு மூடியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அண்ணி என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் ஊற்றவில்லை. காய்ச்சிய இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்று பெரியம்மா வீட்டு டாங்கியில் கற்றிருக்கிறார். டாங்கி என்றால் இங்கே பண்ணைகளில் செங்கல் அடுப்பின் மேல் படுக்கவைத்த இரும்பு டிரம். குளிக்க வெந்நீர் வைப்பது. கழுதை என்று பொருள், அவ்வளவு சுமக்கும். அண்ணி காற்றுத் துவாரத்தைச் சாத்தினார். பக்கத்து வாளியில் இருந்த ஆறிய சாம்பலை மண்வாரியால் அள்ளி நெருப்பின் மேல் கனமாகப் போட்டு மூடினார். செல்பேசிக் கோபுரமும் மின்வெட்டில் செத்துக் கிடந்ததால் எனக்குச் செய்தி காலையில்தான் வந்தது. திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். “வாங்க தம்பி, டீ குடிக்கிறீர்களா?” என்றார். அது திட்டைவிட அதிகமாகச் சுட்டது.

எங்கள் நகரத்து மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும். சிறுவனாக இருந்தபோது அந்தக் குழியின் ஓரத்தில் நின்று தணலைப் பரப்பியிருக்கிறேன். முகம் பொசுங்கும். கட்டையின் சுவாலை அடங்கி எவ்வளவு நேரமானாலும் தணல் தன் சூட்டை விடாது. அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன், டெஸ்டர் கையில் வந்ததும் நெருப்புக்கும் ஒரு சுவிட்சு உண்டு என்று நினைத்துவிட்டேன்.

நான் தங்கள் கட்டுரையாளரிடம் சொல்ல வந்தது இதைத்தான். விறகு அணைந்தால் என்ன செய்வது என்று மட்டுமே கேட்டிருக்கிறார். விறகு அணைந்தால் வீடு குளிரும், அவ்வளவுதான். ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். மின்சாரம் போகும்போது விறகு அணையாமல் இருந்தால் என்ன என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எரிவாயுவுக்கான ரிலேயை அதற்குப் பிறகு பொருத்தலாம்.

அடுத்த வாரம் நானும் குழாய்க்காரரும் சேர்ந்து செய்த வேலை: விறகு பாய்லரின் தலையிலிருந்து 28 மில்லிமீட்டர் செப்புக் குழாய் ஒன்றை எங்கும் தாழாமல் ஏறுமுகமாகவே மாடிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெரிய ரேடியேட்டர். அதன் திரும்பு குழாய் பாய்லரின் அடிக்கு இறங்குகிறது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே போகும், ஆறியது கனத்துக் கீழே வரும், பம்பு வேண்டாம். அந்தச் சுற்றில் ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வு இருக்கக் கூடாது; மெல்ல நகரும் தண்ணீருக்கு அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும் பலம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு மின்வால்வு. கடையில் கேட்கும்போது கவனம்: மின்சாரம் இருக்கும்போது மூடியிருந்து, மின்சாரம் போனால் தன் ஸ்பிரிங்கால் திறந்துகொள்ளும் வகை வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதற்கு நேரெதிர். நானும் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துத்தான் வாங்கினேன்.

அந்த வால்வுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். பம்புக்குப் போகும் அதே கிளைக் கம்பியிலிருந்து எடுத்தேன். ஊரில் மின்வெட்டு வந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், பம்பின் டிரிப் சுவிட்ச் மட்டும் விழுந்தாலும் பம்பு நிற்கிற அதே நொடியில் வால்வு திறக்கும். தனிக் கம்பியில் கொடுத்திருந்தால், பம்பின் சுவிட்ச் விழுந்து கிடக்க, வால்வு ஒன்றும் தெரியாமல் மூடியே இருக்கும். கூடவே 90 டிகிரியில் அந்த வால்வின் மின்சாரத்தைத் துண்டிக்கும் இன்னொரு தெர்மோஸ்டாட். பம்பு ஓடுவது போலத் தோன்றிக்கொண்டே உள்ளே சிக்கி நிற்கும் நாளுக்காக அது.

அறை போதும் என்று சொல்லும் நேரத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. கூடம் 20 டிகிரியைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் பம்பை நிறுத்திவிடும், நெருப்பு நிற்காது. ஆகவே 85 டிகிரிக்கு மேல் போனால் அறையைக் கேட்காமலேயே பம்பை ஓட்டும்படி ஒரு தனி இணைப்பு. கூடம் சற்றுப் புழுங்கும், ஜன்னலைத் திறந்துகொள்ளலாம்.

பம்பையும் இன்வெர்ட்டரில் சேர்த்தேன். 60 வாட் கூட இல்லாத பம்பு அது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில், இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தாலும், அந்தப் பம்பை மட்டும் 15 மணி நேரம் ஓட்டலாம். மலிவான இன்வெர்ட்டரில் பம்பு முனகும், சூடேறும். சுத்தமான அலை தரும் இன்வெர்ட்டர்தான் வேண்டும். கடைசியாக, அடுப்பில் விறகு முழு வேகத்தில் எரியும்போது நான் போய் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, வெப்பமானிக்கு முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அண்ணா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். 88 வரை ஏறியது, நின்றது, மாடி ரேடியேட்டர் தொட முடியாத சூடு. அதன் பிறகே சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். இங்கே மின் இணைப்புக்குப் பதிவுபெற்றவரின் இணக்கச் சான்றிதழ் சட்டப்படி வேண்டும். எரிவாயு வேலைக்கு அதற்குரியவர் தனியாகத் தர வேண்டும். எரிகிற அடுப்போடு சோதிக்க வேண்டும் என்று படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை. நான் ஓரத்தில் கையால் எழுதி வைத்தேன்.

2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் இங்கே பெரும் பனி கொட்டியது தங்கள் செய்திகளிலும் வந்திருக்கலாம். வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3 நெடுஞ்சாலை அடைபட்டு, வண்டிகள் இரவு முழுவதும் பனிக்குள் நின்றன. அண்ணாவின் பண்ணைக்கு வரும் கம்பியின் மேல் மரம் விழுந்து மூன்று நாள் மின்சாரம் இல்லை. பேட்டரி இரண்டாம் நாள் காலையில் தீர்ந்தது. எரிவாயு பாய்லர் அதோடு படுத்துவிட்டது. சிலிண்டர் நிறைய எரிவாயு இருந்தும், தீப்பொறிக்கும் விசிறிக்கும் மின்சாரம் இல்லை. மாற்று ஏற்பாடு என்று வாங்கியது அதுதான்! விறகு பாய்லர் மட்டும் சின்னச் சின்ன நெருப்பாக, பம்பில்லாமல், மாடியறையைச் சூடாக வைத்திருந்தது. அண்ணியும் பேரப்பிள்ளைகளும் அந்த ஒரே அறையில் மூன்று இரவு படுத்தார்களாம். பிள்ளைகளுக்கு அது திருவிழா.

ஒரு திருத்தம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையோடு வெளியிட்ட வரைபடத்தில், குழாய்த் தெர்மோஸ்டாட்டை இரண்டு பாய்லர்களின் குழாய்களும் ஒன்றுசேர்ந்த பிறகு வரும் கூட்டுக்குழாயில் காட்டியிருக்கிறீர்கள். அங்கே கட்டினால், எரிவாயு பாய்லர் பற்றியதும் அது அனுப்பும் சுடுதண்ணீரையே தெர்மோஸ்டாட் பார்த்து, விறகு சூடாக இருக்கிறது என்று நினைத்து எரிவாயுவை அணைத்துவிடும். ஆறியதும் மறுபடி பற்றும். இரவெல்லாம் இதே ஆட்டம் நடக்கும். அது விறகு பாய்லரின் வெளிக்குழாயில், பாய்லரை ஒட்டி, கூட்டுக்குழாய்க்கும் ஒருவழி வால்வுக்கும் முன்னால் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு இணைப்பில் படத்தைத் திருத்தி வெளியிடுங்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ எவராவது அதை வெட்டியெடுத்துத் தம் மின்பணியாளரிடம் கொடுத்துவிடும் முன்பாக.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர்,
நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்,
தென்னாப்பிரிக்கா